பழைய பட்டும் பழைய மணியும்: எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. மாமியாருடைய டிரங்குப் பெட்டியில் காஞ்சிபுரம் பட்டுப்புடவைகள் சில, அக்குளில் கிழிந்த ஜரிகை ரவிக்கைகள், அறுந்துபோன கண்ணாடி மணிச் சரங்கள், கல் உதிர்ந்த ஓர் அட்டிகை ஆகியவை இருக்கின்றன. வீட்டில் தையல் இயந்திரம் உண்டு, தைக்கவும் தெரியும். இவற்றைக் கொண்டு கைவினை நகைகளும் புதுப் பாணி உடைகளும் செய்து விற்க விரும்புகிறார். எங்கிருந்து தொடங்குவது, எதை வெட்டுவது என்று கேட்கிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் நெடுங்காலமாக இதே வேலையைச் செய்துவருபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதுத் துணியில் வேலை செய்யும்போது என்ன தைப்பது என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போய்த் துணி எடுக்கிறோம். பழைய பொருளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. துணியில் இன்னும் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் அது சட்டையாகுமா, பையாகுமா, கழுத்துப் பட்டையாகுமா என்று தீர்மானிக்க முடியும். படத்தில் பார்த்த ஒரு வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டு நல்ல புடவையை வெட்டி, இரண்டாம் முறை அணியும்போதே முதுகுத் தையலோரம் கிழிந்து வந்தவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே கத்தரிக்கோலைச் சில நாள்கள் எட்ட வைத்துவிட்டு, பெட்டியில் உள்ள ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து நிதானமாகச் சோதியுங்கள்.

சோதனை பெரிய வித்தை அல்ல. பகல் வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு எதிரே புடவையைப் பிரித்துப் பிடித்தால், இழை நைந்த இடங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகள் பெரும்பாலும் மடிப்புகளின் மேலேயே இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. அசல் ஜரிகை என்பது தட்டையாக்கப்பட்ட வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலின் மேல் சுற்றி, பொன்முலாம் பூசியது. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த உலோகப் பட்டை அங்கேயே முறிந்து, அதன் கூரான விளிம்பு பக்கத்தில் உள்ள பட்டிழையையும் அறுத்துவிடும். அடுத்ததாக, புடவையின் உடல் பகுதியில் நாலைந்து இடங்களில் இரண்டு கட்டைவிரல்களுக்கு இடையே துணியைப் பிடித்து, முதலில் பாவு வாக்கிலும் (நீளவாக்கில்) பிறகு ஊடை வாக்கிலும் (குறுக்குவாக்கில்) மெதுவாக இழுத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் தாங்கினால் அந்தத் துணி தையலைத் தாங்கும். மெல்லிய நொறுங்கும் ஓசை கேட்டாலோ, இழைகள் விலகி வாய் திறந்தாலோ, அதை அப்படியே உடையாகத் தைப்பது வீண். மெல்லிய பருத்தியான மல்மல் துணியின் மேல் பரப்பிக் கையால் ஓட்டுத்தையல் போட்டுத் தாங்கல் கொடுத்தால் பை, தலையணை உறை, நகைக்கான பட்டை ஆகியவற்றுக்கு அது உதவும்.

சோதனையில் எந்தக் குறையும் இல்லாத, முழுதாகக் கட்டிக்கொள்ளக்கூடிய புடவை ஒன்று இருந்தால் அதை வெட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதைச் சுத்தம் செய்து, ஃபால்ஸ் மாற்றி, ஓரங்களைச் சரிசெய்து, புடவையாகவே வைத்துக்கொள்ளுங்கள் அல்லது புடவையாகவே விற்றுவிடுங்கள். கோர்வை போட்டு, அதாவது கரையை உடலோடு கோர்த்து, நெய்த பழைய புடவை இன்னொன்று அதே போலக் கிடைப்பது அரிது. யானைக்கவுனி, தங்கசாலைப் பக்கம் பழைய பட்டுப்புடவைகளை எடைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பட்டுத் துணியை எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதுதான் அந்த வியாபாரம். நம் பாட்டிமார்களின் முகூர்த்தப் புடவைகள் எத்தனையோ அப்படித்தான் கரைந்துபோயின. முற்றிலும் மக்கிப்போன துணியை மட்டும் அங்கே கொடுங்கள். மற்றது எதுவாக இருந்தாலும் அதில் எடுக்க ஏதோ ஒன்று இருக்கும்.

ஜரிகை அசலா என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முந்தானை ஓரத்தில் தொங்கும் ஜரிகை நூல் ஒன்றை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நகத்தால் அதன் சுற்றை அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலும், அவிழ்ந்து வரும் பட்டையின் உட்புறத்தில் வெண்மையும் தெரிந்தால் அது வெள்ளி ஜரிகை. பட்டையே செம்பு நிறமாக இருந்தால் அது செம்பின் மேல் முலாம் பூசியது. சிறு துண்டைத் தீயில் காட்டியதும் சுருண்டு உருகினால் பிளாஸ்டிக் ஜரிகை. இதைத் தெரிந்துகொள்வது விலைக்காக மட்டுமல்ல: வெள்ளி கறுத்துப்போகும்போது சாம்பல் நிறமாகி ஓர் அழகோடு இருக்கும், செம்பு ஜரிகையோ ராயபுரம், காசிமேடு போன்ற கடலோரக் காற்றில் பச்சை பூத்து, பக்கத்துத் துணியிலும் கறை ஏற்றும். எந்த ஜரிகையானாலும் எலுமிச்சை, புளி, பித்தளை துலக்கும் பொடி ஆகியவற்றை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். அவை முலாமைக் கெடுத்துவிடும்.

துணி எந்த இழை என்பதில் சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி எரித்துப் பார்ப்பது பழைய, நம்பகமான வழி. பட்டு முடி எரியும் நாற்றத்தோடு எரிந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்து, விரலில் நசுங்கும் கருஞ்சாம்பலை விடும். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

சாயம் ஓடுமா என்பதையும் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் புடவையின் ஒரு மூலையில் வைத்துச் சில நிமிடங்கள் அழுத்தினால் போதும். அரக்கு, கருநீலம், மயில்கழுத்துப் பச்சை ஆகிய மூன்றிலும் எனக்கு எப்போதும் எச்சரிக்கை அதிகம். சாயம் ஓடாத பட்டைப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் கசக்காமல் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்தலாம். ஓடும் சாயம் என்றால் டிரை கிளீனிங் ஒன்றே வழி. சலவை சோடாவும் சாதாரணச் சோப்புக் கட்டியும் பட்டின் பளபளப்பைக் கெடுக்கும் காரப் பொருள்கள்.

இப்போது வெட்டுவதற்கு வருவோம். காஞ்சிபுரம் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை நூல் ஓடும். இரண்டும் கரையின் ஓரத்தில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும். இதுதான் கோர்வை. கரையை மட்டும் எடுக்க விரும்புபவர்கள் செய்யும் பொதுவான தவறு, அந்தக் கோர்வைக் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டுவது. அப்படி வெட்டினால் கண்ணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, ஜரிகை இழைகள் உதிரத் தொடங்கும். கரையைத் தாண்டி உடல் பகுதியில் குறைந்தது அரை அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். வெட்டியவுடன், வேறு எதையும் செய்வதற்கு முன், அந்த விளிம்பை இழை பிரியாதபடி சுற்றித் தைத்து ஓவர்லாக் செய்துவிடுங்கள். அந்த அரை அங்குலம் உள்ளே மடிந்து தையலுக்குப் பயன்படும். வெளியே கோர்வைப் பல்வரிசை முழுதாகத் தெரியும். அந்தப் பல்வரிசைதான் கைத்தறியின் அடையாளம் என்பதால் அதை மறைக்காமல் தைப்பதே எனக்குப் பிடிக்கும்.

ரவிக்கைகளில் அக்குள் கிழிந்திருப்பது இயல்பு. வியர்வையின் உப்பும் அமிலமும் பட்டை அங்கேதான் முதலில் அரிக்கும். ஆனால் அதே ரவிக்கையின் முதுகுப் பாகமும் கைக்கரையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தையலை இழுத்துப் பிய்க்காமல், தையல் பிரிக்கும் சிறு கத்தியால் நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டி, மறுபக்கத்திலிருந்து நூலை உருவினால் துணி சேதமில்லாமல் பிரியும். இந்தப் பிரிப்பு வேலை பொறுமையைக் கேட்கும். பிறகு விலை வைக்கும்போது இந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை இப்போதே நினைவில் கொள்ளுங்கள்.

பழைய பட்டை உடையில் எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலையின் சாரம். தோள், அக்குள், இடுப்பு, இருக்கை ஆகிய இடங்களில்தான் இழுவிசை விழுகிறது. அங்கெல்லாம் புதிய கைத்தறிப் பருத்தியோ கெட்டித் துணியோ வரட்டும். நெஞ்சுப் பட்டி, கழுத்தைச் சுற்றிய யோக், கைமுனை, கீழ் ஓரம், மேலங்கியின் முன்பட்டை ஆகியவற்றில் பழைய பட்டு வரட்டும். உடலை இறுக்கிப் பிடிக்கும் வடிவங்களைத் தவிர்த்து, தளர்வான மேலங்கி, ஏ-லைன் குர்தா, கொசுவம் வைத்த பாவாடை போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள். சிறுமியருக்குப் பட்டுப் பாவாடை தைப்பது நம் வீடுகளில் பழைய புடவைக்கு எப்போதும் இருந்த மறுவாழ்வு. அதில் துணி அதிகம் இழுபடுவதில்லை, கரையும் வீணாவதில்லை என்பதால் முதல் முயற்சிக்கு அதைவிடப் பொருத்தமான உடை எனக்குத் தெரியவில்லை.

கெட்டித் துணி என்றதும் வடசென்னைக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகளும் 1920-இல் ஒன்றாகிப் பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் 1996 வரை இயங்கின. அந்த ஆலையின் காக்கி டிரில் துணி பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கத்து வீடுகளில் சீருடையாகவோ வெட்டாத துண்டாகவோ இன்னும் தட்டுப்படுகிறது. சாய்கோட்டு நெசவு என்பதால் டிரில் இழுவிசையை நன்றாகத் தாங்கும். பல ஆண்டுச் சலவைக்குப் பிறகும் அதன் பலம் அதிகம் குறைவதில்லை, நிறம்தான் மென்மையாகிறது. அந்தக் காக்கியில் ஒரு மேலங்கியின் உடலைத் தைத்து, முன்பட்டையிலும் கைமுனையிலும் அரக்குக் கரையை வைத்துப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சாயமிடுபவர்களும் வெளுப்பவர்களும் குடியேறிய வண்ணாரப்பேட்டையும், 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலடிப்பேட்டையும், இந்த ஆலைகளும் இருந்த மண்ணில், துணியை அறிந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். உங்கள் தெருவில் வயதான தையற்காரர் யாராவது இருந்தால் அவரிடம் பெட்டியைக் காட்டிக் கேளுங்கள். நான் எழுதுவதைவிட அதிகம் சொல்லுவார்.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. லைனிங் துணியை முன்கூட்டியே ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கிப் பட்டு உப்பிக்கொள்ளும். கோடவுன் தெருவில் மொத்தமாக எடுக்கும் மெல்லிய பருத்தியே போதும்; வழவழப்பான செயற்கை லைனிங் சென்னை வெயிலுக்கு ஆகாது. ஊசி புதியதாக, 11-ஆம் எண் அளவில் இருக்கட்டும். தையலை நெருக்கமாகப் போடாமல் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் வையுங்கள். நெருங்கிய துளைகள் தபால் தலையின் ஓரம் போலத் துணியை அங்கேயே கிழியவைக்கும். நூலும் துணியைவிட மெல்லியதாகவே இருக்க வேண்டும். என்றாவது ஒரு நாள் இழுபட்டால் அறுவது நூலாக இருந்தால் மீண்டும் தைத்துக்கொள்ளலாம், துணி கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நகைக்கு வருகிறேன். அறுந்த சரங்களின் பழைய நூலை நம்பி எதையும் அப்படியே அணியாதீர்கள். எல்லா மணியையும் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, வகை பிரியுங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் கண்ணாடி மணி தன் பிறப்பைத் தானே சொல்லும். உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால், உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து வெட்டிச் செய்த மணி. குமிழிகள் துளையைச் சுற்றி வளைந்திருந்தால், கம்பியின் மேல் சுற்றிச் செய்தது. பக்கவாட்டில் மெல்லிய தழும்புக் கோடு ஓடினால் அச்சில் அழுத்தியது. இழுத்துச் செய்யும் முறை நம் பக்கத்தில் மிகப் பழையது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த மணிகளில் பெரும்பகுதி அப்படிச் செய்தவையே. திருப்பதி அருகே பாப்பாநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம் வரை தொடர்ந்தது. ஒரு சரத்தில் இருநூறு மணிகளும் அளவில் சிறிது சிறிது மாறுபட்டிருந்தால், அதைக் குறையாக நினைத்து வீசிவிடாதீர்கள். கைவேலையின் தடயம் அது.

கண்ணாடி மணியின் துளை விளிம்பு கூராக இருக்கும்; பருத்தி நூலையும் நைலானையும் அது மெல்ல அறுக்கும். அதனால் கண்ணாடிக்குக் கியர் வயரும் (பிளாஸ்டிக் பூசிய மெல்லிய எஃகுக் கம்பி), முத்துக்கும் பவளத்துக்கும் பட்டுக் கயிறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்து கோர்க்கும்போது ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சு வர வேண்டும். முடிச்சு இருந்தால் முத்துகள் ஒன்றோடொன்று உரசித் தேயாது. சரம் அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். முடிச்சை விரலால் தள்ளாமல், முடிச்சுக்குள் ஓர் ஊசியை நுழைத்து முத்தின் வாய்வரை நகர்த்தி, ஊசியை உருவியபடியே இறுக்கினால் இடைவெளி விழாது. கியர் வயரில் மணிகளை இறுக்கமாக முடித்துவிடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். இல்லையேல் மாலை கழுத்தில் வளையாமல் விறைத்து நிற்கும். வளையங்களைக் குறடால் திறக்கும்போது இரு முனைகளையும் பக்கவாட்டில் விரிக்காமல் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் திருப்பித் திறந்தால், மூடும்போது வட்டம் கெடாது. இந்தச் சிறு பொருள்கள் எல்லாம் பாரிமுனைக்குப் பின்னால் உள்ள நாராயண முதலி தெரு வட்டாரத்தில் மொத்த விலையில் கிடைக்கும். காதுக் கொக்கியை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். நிக்கல் கலந்த உலோகம் பலருக்குக் காதில் புண்ணை உண்டாக்கும் என்பதால் 925 முத்திரையுள்ள வெள்ளியை வாங்குங்கள்.

அந்த அட்டிகையைப் பற்றி: தயவுசெய்து மிச்சமிருக்கும் கற்களை நெம்பி எடுக்காதீர்கள். பழைய கெம்பு வேலையில் கல்லுக்கு அடியில் மெல்லிய உலோகத் தகடும் அதற்கும் அடியில் அரக்கும் இருக்கும். கல்லின் ஒளி பாதி அந்தத் தகட்டிலிருந்து வருவது. திறந்துவிட்டால் அந்த ஒளி திரும்பாது. தண்ணீரில் ஊறவைத்தாலும் ஈரம் உள்ளே இறங்கித் தகடு கறுத்துவிடும். உலர்ந்த மென் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், அவ்வளவு போதும். தங்கம் என்று சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு பத்தரிடம் காட்டுங்கள். முலாம் பூசியது என்று தெரிந்தால், கல் முழுதாக உள்ள நடுப் பதக்கத்தை மட்டும் புடவைக் கரையில் செய்த கழுத்துப் பட்டையின் மேல் வைத்துத் தைக்கலாம். ஒன்றேகால் அங்குல அகலத்தில் கரையை மடித்து, நடுவே பக்ரம் என்ற விறைப்புத் துணி வைத்து, கழுத்தில் படும் பக்கம் மென்பருத்தி கொடுத்து, பதக்கத்தின் பின்னுள்ள வளையங்கள் வழியாகப் பட்டு நூலால் நாலைந்து சுற்றுத் தைத்துவிடுங்கள். பசையால் ஒட்டுவதை நான் எந்த நகையிலும் சிபாரிசு செய்வதில்லை. நம் ஊர் வியர்வையில் எந்தப் பசையும் நெடுநாள் நிற்பதில்லை. பட்டையின் இரு முனைக்கும், உருவிய பட்டு இழைகளையே திரித்து ஒரு கயிறும் குஞ்சமும் செய்துகொள்ளலாம். புடவையிலிருந்து எதுவுமே வீணாகாத வேலை அது.

விற்பனைக்குச் செய்வதால் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். யானைத் தந்த வளையலோ மணியோ பெட்டியில் இருந்தால் அதை விற்கும் பொருளில் சேர்க்காதீர்கள்; இந்தியாவில் தந்த வணிகம் தடை செய்யப்பட்டது. பழைய காசுகளில் துளையிட்டு மாலையாக்குவது அழகாகத் தெரிந்தாலும், இன்னும் செல்லுபடியாகும் நாணயத்தைச் சிதைப்பதை 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடுக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் காக்கிறது. அவற்றை வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தனியார் அனுப்ப முடியாது.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு சிறு சீட்டு வையுங்கள். எந்தப் பகுதி பழையது, எது புதியது, ஜரிகை எந்த வகை, கழுவலாமா கூடாதா என்று நாலு வரியில் எழுதினால் போதும். கொக்கி புதியது, கரை பழையது என்று நேராகச் சொன்னால் வாங்குபவர் மனம் சுளிப்பதில்லை. முழுவதும் பழையது என்று சொல்லி விற்றுப் பிறகு தெரியவந்தால் அவர் திரும்ப வரமாட்டார். விலையைப் பொறுத்தவரை, பெட்டியில் இருந்தது இனாம்தானே என்று நினைத்து உழைப்பைக் குறைத்து மதிக்காதீர்கள். சோதனை, சலவை, பிரிப்பு, தாங்கல் கொடுப்பது, தைப்பது என்று ஒரு கழுத்துப் பட்டைக்கு ஆறு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 150 ரூபாய் என்றால் கூலியே 900 ரூபாய். அதன் மேல் பக்ரம், லைனிங், நூல், கொக்கிக்கு ஆன செலவையும், இதே போன்ற கரையை வெளியில் வாங்கினால் என்ன விலையோ அதையும் சேருங்கள். பெட்டி காலியான பிறகு அடுத்த கரையைப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பாத்திரக்காரரிடமோ தெரிந்த வீடுகளிலோ காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தத் தொகையை முதல் விற்பனையிலிருந்தே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.